காரணம் தெரியாமல் சாவதற்கா தீவிர சிகிச்சைப் பிரிவு?

காய்ச்சலோடு வந்து, மூச்சுத் திணறி, வென்டிலேட்டரில் வைக்கப்பட்டு, நாலைந்து நாளில் உயிர்விட்ட ஒருவரின் மருத்துவக் குறிப்பைப் புரட்டினால் வழக்கமாகக் கண்ணில் படுபவை சில சொற்கள்தாம்: வைரல் நிமோனியா, செப்சிஸ், பல உறுப்புச் செயலிழப்பு. அவர் எப்படி இறந்தார் என்பதை இந்தச் சொற்கள் சொல்கின்றன. எதனால் இறந்தார் என்பதைச் சொல்லவில்லை. நுரையீரலில் இருந்தது இன்ஃப்ளுயன்சாவா, கொரோனாவா, ஆர்.எஸ்.வி.யா? ஒன்றுதானா, இரண்டா? டெங்கு என்று எழுதப்பட்டவருக்கு உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்து இருந்ததா? சேர்க்கும்போதே இருந்த கிருமியா, சேர்த்த பிறகு பக்கத்துப் படுக்கையிலிருந்து வந்ததா? விடை இல்லாமலேயே கோப்பு மூடப்படுகிறது. உடல் ஊர் போய்ச் சேருகிறது.

மருத்துவத்தின் எல்லை இவ்வளவுதான் என்று சொல்லி இதிலிருந்து தப்பிக்க முடியாது. விடை காணும் கருவிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. கற்றுத்தேர்ந்த மருத்துவர்களும் ஆய்வகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். உயிருக்குப் போராடும் ஒவ்வொரு காய்ச்சல் நோயாளிக்கும் முதல் நாளிலேயே எல்லாக் கோணங்களிலும் பரிசோதனை செய்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை. அந்தக் கட்டாயத்தை உருவாக்க வேண்டிய மக்கள் நல்வாழ்வுத் துறையின் மெத்தனத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். குறிப்பாகக் கள்ளக்குறிச்சியின் பெயரால் கண்டிக்கிறோம். காரணத்தைத் தாமதமாகக் கண்டறிந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இந்த மாவட்டத்தைவிட நன்றாக அறிந்த மாவட்டம் தமிழ்நாட்டில் வேறில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்தால் சாவு விழத் தொடங்கியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். கள்ளச்சாராயம் காரணமில்லை என்றுதான் மாவட்ட நிர்வாகத்தின் முதல் பேச்சு இருந்தது. வயிற்றுப்போக்கு, வலிப்பு, முதுமை என்று வேறு காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த மறுப்பை நம்பி மேலும் பலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்பது அன்றே எழுந்த குற்றச்சாட்டு. அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் விஷத்துக்கு மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. இரண்டுமே நேரத்தோடு கொடுத்தால்தான் உதவும். கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இடம் போதாமல் சேலத்துக்கும் விழுப்புரம் முண்டியம்பாக்கத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடின. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊகத்தைக் காரணமாக அறிவித்ததற்கு இந்த ஊர் கொடுத்த விலை அது. விஷத்தில் நடந்தது காய்ச்சலில் நடக்காது என்று யார் உறுதி தர முடியும்? கருணாபுரத்தில் எல்லோரும் சில நாளுக்குள் விழுந்தார்கள். அதனால் நாடு திரும்பிப் பார்த்தது. காய்ச்சலில் ஒவ்வொருவராக, ஒவ்வொரு ஊரிலிருந்தாக வந்து போகிறார்கள். அதனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு கிருமிகள் தாக்கும் கூட்டுத்தொற்று என்பது ஏட்டில் மட்டும் உள்ள சங்கதி என்று நினைப்பவர்கள் 2022 மார்ச்சில் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வைப் படிக்க வேண்டும். கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் மற்ற சுவாச வைரஸ்களுக்கும் பரிசோதிக்கப்பட்டவர்கள் 6,965 பேர். அவர்களில் 583 பேரிடம் இரண்டாவது வைரஸ் இருந்தது: 227 பேரிடம் இன்ஃப்ளுயன்சா, 220 பேரிடம் ஆர்.எஸ்.வி., 136 பேரிடம் அடினோ வைரஸ். கொரோனாவோடு இன்ஃப்ளுயன்சாவும் சேர்ந்தவர்களுக்கு வென்டிலேட்டர் தேவைப்படும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆய்வில் இருந்த நோயாளிகள் இரண்டு லட்சத்துக்கும் அதிகம். இரண்டாவது வைரஸுக்குப் பரிசோதனை நடந்ததோ ஏழாயிரம் பேருக்குக்கூட இல்லை. பிரிட்டனிலேயே இதுதான் நிலை. தேடியவர்களில் கிடைத்தது. தேடாதவர்களில் என்ன இருந்தது என்பது அவர்களோடே போயிற்று.

இரண்டாவது கிருமியைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பவர்கள் துறைக்குள்ளேயே இருக்கிறார்கள். மருந்து மாறும் என்பதே பதில். கொரோனா நிமோனியாவில் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும். 2020-ல் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு அதை நிறுவியது. இன்ஃப்ளுயன்சா நிமோனியாவில் அதே ஸ்டீராய்டு தீங்கு செய்யக்கூடும் என்று பல ஆய்வுகள் எச்சரிக்கின்றன. இன்ஃப்ளுயன்சாவுக்கு ஒசல்டாமிவிர் மாத்திரை இருக்கிறது. நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளில் கொடுத்தால் அதிகப் பலன். எக்ஸ்ரேயில் இரண்டு நோயிலும் நுரையீரல் ஒரே மாதிரி வெள்ளையாகத்தான் தெரியும். படத்தைப் பார்த்துக் கிருமியைப் பிரிக்க எந்தப் பேராசிரியராலும் முடியாது.

கள்ளக்குறிச்சிக்கு வருவோம். இங்கே மழைக்காலம் முடிகிற மாதங்களில் டெங்கும் உண்ணிக் காய்ச்சலும் ஒன்றாகவே வருகின்றன. ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் இந்த உண்ணிக் காய்ச்சல் வைரஸால் வருவதில்லை. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரி கடித்து, அதன் வழியே உடலுக்குள் புகும் பாக்டீரியாவால் வருவது. டெங்கைப் போலவே கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. டெங்கைப் போலவே தட்டணுக்கள் குறையும். முற்றினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு நோயாளி ஐ.சி.யூ.வுக்குப் போவார். வேறுபாடு ஒன்றுண்டு. டெங்குவுக்குத் தனி மருந்து கிடையாது. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மிக மலிவான மாத்திரை இருக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தநாளத்தில் செலுத்தினால் கூடுதல் பலன் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் உலகுக்கே சொன்னது. ‘டெங்கு பாசிட்டிவ்’ என்று ஒரு சீட்டு வந்த உடனே தேடலை நிறுத்திவிட்டால், அந்த மாத்திரை நோயாளியை எட்டாமலே போகும்.

உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கப் பல நேரம் ஆய்வகம்கூட வேண்டாம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும், சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி அதைச் சொல்லமாட்டார். அக்குளில், இடுப்புத் துணி இறுகும் இடத்தில், தொடை இடுக்கில், மார்புக்குக் கீழே ஒளிந்திருக்கும். விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கு, கடுக்காய் எடுக்கக் காட்டுக்குள் நுழைந்தவருக்கு, மரவள்ளிக் கொல்லையில் களை பறித்தவருக்கு அங்கே தேடிப் பார்க்க வேண்டும். திரை மறைத்து, ஒரு செவிலியர் உடனிருக்க, உடையை நீக்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க ஐந்து நிமிடம் போதும். நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில் ஒற்றை மருத்துவரிடம் அந்த ஐந்து நிமிடத்தை எதிர்பார்க்க முடியாது என்பது உண்மை. ஐ.சி.யூ.வில் எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்க வேண்டும்.

டெங்கு பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என்.எஸ்.1 பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில்தான் நம்பகமாகக் காட்டும். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்க்க வேண்டும். ஐ.ஜி.எம். பாசிட்டிவ் சில வாரம், சில மாதம் முன்பு வந்து போன டெங்குவின் மிச்சமாகவும் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸால் குழம்பியும் வரலாம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு குக்கிராமத்தில் காய்ச்சல் கண்டவர் முதலில் கஷாயம் குடிப்பார், பிறகு கடையில் மாத்திரை வாங்குவார், பிறகு மலையில் ஓர் ஊசி போட்டுக்கொள்வார், மூச்சு வாங்கும்போதுதான் கீழே இறங்குவார். அவர் வந்து சேரும் நாள் ஆறோ ஏழோ ஆகியிருக்கும். அன்றைக்கு என்.எஸ்.1 நெகட்டிவ் என்று வந்தால் அதற்கு டெங்கு இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. எந்த நாளில் எந்தப் பரிசோதனை என்று ஒரு நெறிமுறை இருந்து, அது ஒவ்வொரு நோயாளிக்கும் கடைப்பிடிக்கப்பட்டால் ஒழிய, சீட்டில் வரும் பாசிட்டிவும் நெகட்டிவும் நம்மை ஏமாற்றும்.

இந்த ஏமாற்றத்துக்கு இந்தியா ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் குழந்தைகள் மூளைக்காய்ச்சலில் செத்துக்கொண்டே இருந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் என்றார்கள். 2005-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. தடுப்பூசி போடப்பட்டது; ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்தது; குழந்தைகள் சாவது நிற்கவில்லை. வேறு ஏதோ வைரஸ் என்றார்கள். கடைசியில் சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், டாக்டர் மனோஜ் முர்ஹேகரும் அவர் சகாக்களும், ரத்த மாதிரிகளைத் திரும்பப் பரிசோதித்தார்கள். அந்தக் குழந்தைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் இருந்தது. மலிவான மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள். வைரஸ் என்று ஒரு பெயரை ஒட்டிவிட்டதால் அடுத்த கேள்வியைக் கேட்க ஆண்டுகள் பல ஆயின. சென்னை நிறுவனம் கோரக்பூருக்குப் போய்க் கற்றுக்கொடுத்த பாடத்தைத் தமிழ்நாடு தன் மாவட்டங்களில் கட்டாயமாக்காமல் இருப்பது எந்த வகையில் நியாயம்?

ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் நமக்கு அந்நியமில்லை. இந்தியாவில் அது முதன்முதலாக அறியப்பட்டதே 1955-ல் வேலூரில். பழைய தென்னார்க்காடு மாவட்டம், அதாவது இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, அந்த நோய் அடிக்கடி தலைகாட்டிய பூமி. மதுரையிலிருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் விருத்தாசலத்தில் களநிலையம் அமைத்து, வயல்வெளிக் கொசுக்களில் இந்த வைரஸை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. வயல் நிறைந்த சமவெளியின் மூளைக்காய்ச்சலும், புதர் நிறைந்த மலையின் உண்ணிக் காய்ச்சலும், நகரத்துத் தண்ணீர்த் தொட்டியின் டெங்கும், ஊரெல்லாம் சுற்றும் இன்ஃப்ளுயன்சாவும் வந்து சேரும் ஒரே இடம் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. இத்தனையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொன்றையும் தேடாமல், ஒன்று கிடைத்ததும் நிற்பது எப்படிச் சரியாகும்?

மலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துத்தான் அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அரசு நிர்வாகம் முழுமையாக வந்தது. கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியமும் சி.குமரப்பனும் மலைமக்களின் அடிப்படை வசதிகள் குறித்துத் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க நேர்ந்தது. சாலை, மருத்துவம், பள்ளி என்று நீதிமன்றம் கேட்டுப் பெற்றுத்தர வேண்டியிருந்ததே ஓர் அரசுக்குத் தலைகுனிவு. அந்தச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் என்றாலே சாராய ஊறல் என்று பேசும் வழக்கமும் வந்துவிட்டது. அந்த மக்கள்மீது சுமத்தப்பட்ட இந்த இழிவை நாம் ஏற்கவில்லை. மலைக்குப் போலீஸ் ஏறிய வேகத்தில் மருத்துவம் ஏறவில்லை என்பதே நம் ஆத்திரம்.

கரியாலூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயப்பாளையம் வழியாக 108 ஆம்புலன்ஸ் கள்ளக்குறிச்சி வர வேண்டும். வண்டி போக முடியாத குக்கிராமங்களிலிருந்து தூளி கட்டித் தோளில் சுமந்து வந்து சாலையில் சேர்க்க வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது. அப்படி வந்து சேர்ந்தவரை, இங்கே பார்க்க வசதி இல்லை என்று சேலத்துக்கோ முண்டியம்பாக்கத்துக்கோ அனுப்பினால், நோயாளியோடு தகவல் போகிறதா? முதல் மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தின் முடிவு இரண்டாவது மருத்துவமனையின் படுக்கைக்கு எப்போது வருகிறது? வராவிட்டால் எல்லாப் பரிசோதனையும் புதிதாகத் தொடங்கும். இல்லை, முன்பே எடுத்தாயிற்று என்ற நினைப்பில் எதுவும் தொடங்காது. வெளியே வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் உறவினரிடம் கேட்டால், “நெஞ்சுல சளி கட்டியிருக்காம், மெஷின்ல வச்சிருக்காங்க” என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போய் வருகிறார்கள் என்பதையும் துறை மறக்கக் கூடாது. கேரளம் நிபா வைரஸைத் திரும்பத் திரும்பச் சந்திக்கும் மாநிலம். கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குரங்குக் காய்ச்சல் உண்டு. அங்கிருந்து காய்ச்சலோடு திரும்பும் ஒரு தொழிலாளி ஐ.சி.யூ.வில் படுத்தால், எங்கே வேலைக்குப் போயிருந்தீர்கள் என்ற ஒரு கேள்வி நோயாளிக் குறிப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் என்ன நடந்தது? ஒரு வீட்டில் முதலில் ஓர் இளைஞர் காரணம் தெரியாமலே இறந்தார். சில நாளில் அவருடைய சகோதரர் அதே அறிகுறிகளோடு தனியார் மருத்துவமனைக்கு வந்தார். தீவிர சிகிச்சை மருத்துவர் அனூப் குமாரும் அவர் சகாக்களும் ‘வைரல் என்செஃபலைட்டிஸ்’ என்று எழுதிவிட்டு ஓய்ந்துபோகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் இது வேறு என்று மாதிரியை மணிப்பால் வைராலஜி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நிபா என்று தெரிந்தது. புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிசெய்தது. 17 உயிர்கள் போயின. இரண்டாவது நோயாளியிடமே கண்டுபிடித்திராவிட்டால் எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஒரு ஐ.சி.யூ.வில் சந்தேகப்படத் தெரிந்தவர்களும், மாதிரி அனுப்ப ஏற்பாடும் இருந்ததால் கேரளம் தப்பியது.

கருவி இல்லை என்ற சாக்கைத் தமிழ்நாடு சொல்லவே முடியாது. கொரோனா காலத்தில் மற்ற மாநிலங்கள் விரைவு ஆன்டிஜன் பரிசோதனையின் பக்கம் சாய்ந்தபோது, ஆர்.டி.பி.சி.ஆர். மட்டுமே செய்வோம் என்று உறுதியாக நின்ற மாநிலம் இது. அதற்காக அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வகங்கள் எழுந்தன. அந்த இயந்திரம் ஒரே ஒரு வைரஸுக்காகப் படைக்கப்பட்டதில்லை. அதற்குள் போடும் கிட்டை மாற்றினால் இன்ஃப்ளுயன்சா, ஆர்.எஸ்.வி., எச்.எம்.பி.வி., டெங்கு, உண்ணிக் காய்ச்சல் எல்லாவற்றையும் அதே இயந்திரம் பார்க்கும். கிட் வாங்கித் தர தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. 2022 ஜனவரி 12-ல் பிரதமர் திறந்துவைத்த 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றாகச் சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கட்டடத்தைத் திறந்ததோடு கடமை முடிந்ததா?

2025 ஜனவரியில் சீனாவிலிருந்து எச்.எம்.பி.வி. வருகிறது என்று தொலைக்காட்சிகள் அலறியபோது, சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் அது இருப்பதை உடனே கண்டுபிடித்து அறிவித்தார்கள். 2001-லேயே அறியப்பட்ட பழைய வைரஸ் அது. நம்மிடையே பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருப்பது. செய்தி அலறினால் பரிசோதிக்க முடிகிறது என்றால், அலறாத நாளில் ஏன் முடியவில்லை? கல்வராயன் மலைக்காரர் ஒருவர் வென்டிலேட்டரில் இருப்பது எந்தத் தொலைக்காட்சிக்கும் செய்தி ஆகாது. அதற்காக அவருடைய சளியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமை குறைந்துவிடுமா?

ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு விதியை நினைவூட்டுகிறோம். 2020 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கொரோனாவோடு டெங்கு, மலேரியா, பருவகால இன்ஃப்ளுயன்சா, எலிக்காய்ச்சல், சிக்குன்குனியா, உண்ணிக் காய்ச்சல் ஆகியவை சேர்ந்து வரலாம். ஒன்று உறுதியானதால் மற்றதைத் தேடாமல் விடக் கூடாது என்பது அதன் சாரம். அருமையான வழிகாட்டுதல். கொரோனா ஓய்ந்ததும் அதைப் பற்றிப் பேசுவார் இல்லை. கொரோனா என்ற சொல்லை எடுத்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும் எல்லாக் கடும் காய்ச்சலுக்கும் பொருந்தும் நிரந்தர விதியாக அதை மாற்ற ஓர் அரசாணை போதும். ஆண்டுகள் கடந்தும் அது வரவில்லை.

கணக்கும் கோணலாக இருக்கிறது. இன்ஃப்ளுயன்சாவுக்கு மாநில வாரியாக ஓர் எண் வெளியாகிறது. டெங்குவுக்கு இன்னொரு பிரிவு இன்னொரு எண் வெளியிடுகிறது. ஒரே உடலில் இரண்டும் இருந்தால் அந்த மனிதருக்கு எந்தக் கட்டத்திலும் தனி இடம் இல்லை. இருக்கிற எண்ணின் மீதும் நம்பிக்கை இல்லை. 2017-ல் தமிழ்நாட்டில் டெங்கு மரணம் 65 என்றது அதிகாரப்பூர்வக் கணக்கு. அந்த ஆண்டு ஊர் ஊராக நடந்த காய்ச்சல் சாவுகளைப் பார்த்தவர்கள் அந்த எண்ணை நம்பவில்லை. பரிசோதிக்காமல் விட்ட சாவு புள்ளிவிவரத்தில் ஏறாது. அரசுக்கு அது வசதி என்று மக்கள் சந்தேகிப்பதில் தவறு காண முடியவில்லை.

பரிசோதனை இல்லாத இடத்தை ஆன்டிபயாடிக் நிரப்புகிறது. கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் பாக்டீரியா தொற்றும் சேர்ந்திருந்தது. ஆனால் நான்கில் மூன்று பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்று 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. எதற்கும் இருக்கட்டும் என்று கொடுக்கப்படும் அந்த மருந்துகள், நாளை நிஜமாகவே பாக்டீரியா தாக்கும் நோயாளிக்கு வேலை செய்யாமல் போகின்றன. தனியார் ஆய்வகத்தில் பல வைரஸ்களை ஒரே நேரத்தில் பார்க்கும் பரிசோதனைக்கு அதிகச் செலவாகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். வீணாகச் செலுத்தப்படும் ஊசிகளுக்கும் நீளும் வென்டிலேட்டர் நாட்களுக்கும் யார் கணக்குப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பரிசோதித்து எல்லாவற்றுக்கும் மருந்து கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நெடுநாள் வென்டிலேட்டரில் இருப்பவர்களின் உடலில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கும் ஹெர்பிஸ், சைட்டோமெகலோ வைரஸ்கள் விழித்துக்கொள்வதுண்டு. சைட்டோமெகலோ வைரஸ் மூன்றில் ஒருவருக்கு விழிக்கிறது என்று 2008-ல் ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. அப்படி விழித்த ஹெர்பிஸுக்கு முன்கூட்டியே அசைக்ளோவிர் கொடுத்துப் பார்த்த பிரெஞ்சு ஆய்வு, வென்டிலேட்டர் நாட்கள் அதனால் குறையவில்லை என்று 2020-ல் தெரிவித்தது. ஆகவே எந்த வைரஸ் கொலைகாரன், எந்த வைரஸ் வெறும் சாட்சி என்று பிரித்தறிய அனுபவமுள்ள மருத்துவர் வேண்டும். அந்த விவாதம் படுக்கையருகே நடக்கட்டும். முடிவுச் சீட்டு கையில் இருந்தால்தான் விவாதமே நடக்கும்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. மூக்கில் விட்டு எடுக்கும் ஸ்வாப் நெகட்டிவ் காட்டும்போது, நுரையீரலின் அடியில் இன்ஃப்ளுயன்சா குடியிருப்பதுண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சுக்குழாயில் இறக்கிய டியூப் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்து அனுப்ப வேண்டும். வைரஸ் மாதிரிக்கான வி.டி.எம். குப்பியில் அடைத்து, மூன்றடுக்குப் பொட்டலமாகக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த மாதிரி திங்கட்கிழமை வரை காத்திருந்தால், செவ்வாய்க்கிழமை வரும் முடிவு சாவுக்குப் பின் வரும் தந்தி. அதோடு, ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது தீவிர சிகிச்சைக்கு இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. ஒரே செவிலியர் பல படுக்கைகளுக்கு ஓடும்போது கை கழுவ நேரமின்றி இன்ஃப்ளுயன்சாவும் அவரோடு படுக்கை மாறும். அந்தப் பழியைச் செவிலியர்மேல் போடுவது கொடுமை. பணியிடங்களை நிரப்பாதவர்களே பொறுப்பு.

எந்த மருத்துவரையும், எந்த ஒரு மருத்துவமனையையும் இங்கே நாம் குறிவைக்கவில்லை. உறக்கமின்றி உழைக்கும் அவர்கள் கையில் முடிவுச் சீட்டைத் தராத அமைப்பின் மீதுதான் நம் குற்றச்சாட்டு. அமைச்சரும் துறைச் செயலாளரும் பொது சுகாதார இயக்குநரும் பதில் சொல்ல வேண்டும்.

திருத்தம் கள்ளக்குறிச்சியில் தொடங்கட்டும். கடும் நிமோனியா அல்லது மூளைக்காய்ச்சலோடு ஐ.சி.யூ.வில் சேரும் ஒவ்வொருவருக்கும், ஞாயிறு, பண்டிகை என்று பாராமல், சேர்ந்த நாளிலேயே சுவாச வைரஸ்களுக்கும் டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மலேரியா, எலிக்காய்ச்சலுக்கும் இலவசப் பரிசோதனை செய்து, 24 மணி நேரத்துக்குள் முடிவைப் படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும். வேறு மருத்துவமனைக்கு மாற்றினால் முடிவும் கூடவே போக வேண்டும். நோயாளி எந்த மலைக் கிராமத்தவரோ அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் போய், அக்கம்பக்கத்து வீடுகளில் காய்ச்சல் பார்க்க ஆள் போக வேண்டும். காரணம் தெரியாத ஒவ்வொரு காய்ச்சல் மரணத்தையும் தணிக்கை செய்து, பெயர் விவரம் நீக்கி, எத்தனை பேருக்கு எந்தக் கிருமி, எத்தனை பேருக்கு இரண்டு, எத்தனை பேருக்குக் கண்டுபிடிக்கவே இல்லை என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். உறவினருக்கு அவர்களுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையோடு டெங்கும் உண்ணிக் காய்ச்சலும் மறுபடி வரும். அதற்குள் இவற்றைக் கட்டாயமாக்கும் அரசாணை வந்தாக வேண்டும். வராவிட்டால், அதன் பிறகு கள்ளக்குறிச்சியில் காரணம் தெரியாமல் விழும் ஒவ்வொரு சாவுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறையே பொறுப்பு.